நகர்ந்தது ராஜா, யானை அல்ல

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில், வேலைக்குப் போக அனுமதியில்லாத எச்-4 விசாவில் நான் வீட்டோடு இருந்த வருஷங்கள் அவை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் பன்னிரண்டு வயது மகள் என் கல்யாணத்துக்கு முந்தைய பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தாள். பழைய செஸ் ஆட்டங்களைச் சேர்த்துவைக்கும் ஒரு தளம் வந்தது.

"அம்மா, இஸ் திஸ் யூ? யூ லாஸ்ட்."

நான்தான். பதினாறு வயதில் திருச்சியில் ஆடியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கிராண்ட்மாஸ்டர் ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேரோடு ஆடினார். அதில் நான் ஒருத்திதான் பெண். எங்களுக்கெல்லாம் கறுப்புக் காய்கள். நாற்பதாவது நகர்த்தலில் அவரே டிரா கேட்டுக் கை நீட்டினார். தளத்திலோ, முப்பத்தோராவது நகர்த்தலில் நான் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர் அடுத்த காயை நகர்த்தியதும் தோல்வியை ஒப்புக்கொண்டதாக இருந்தது.

டிகிரி சர்டிபிகேட்டுகளோடு கொண்டுவந்திருந்த ஃபைலில், அன்று ஆடும்போதே நகர்த்தல்களைக் குறித்த என் ஸ்கோர் ஷீட் இருந்தது. எடுத்துப் பார்த்ததுமே தவறு புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் நகர்த்தல்களை வேறு முறையில் எழுதுவோம். 'கே' ராஜா, 'ஆர்' யானை. நான் எழுதியிருந்தது 'கே-ஆர்2'. முதலில் நகரும் காய், பிறகு அது போகும் கட்டம்; ராஜா யானை வரிசையின் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுங்கியது, அவ்வளவுதான். புது முறைக்கு மாற்றிய யாரோ அதை 'ஆர்-கே2' என்று படித்து யானையை நகர்த்திவிட்டார். அடுத்த ஒரு நகர்த்தலுக்குப் பிறகு வந்தவை பொருந்தவில்லை. அதனால் மீதியை வெட்டியெறிந்து என்னைத் தோற்கடித்துவிட்டார்.

என் கணவர் சிரித்தார். "விடேன்ம்மா. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. யாரு பாக்கப்போறா?"

"நான் பாத்துட்டேனே."

ஸ்கோர் ஷீட்டை ஸ்கேன் செய்து அந்தத் தளத்தின் ஆசிரியருக்கு அனுப்பினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது: உங்கள் கையாலேயே எழுதிய தாளை எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்வது? கிராண்ட்மாஸ்டரும் இறந்துவிட்டார். வேறு சாட்சி உண்டா?

எனக்கு வந்த கோபத்தில் பதிலை மூன்று முறை அடித்து அழித்தேன். கடைசியில் இரண்டே கேள்விகள் எழுதினேன். நான் தோற்றதாகச் சொல்லும் பதிவை எழுதியவர் யார்? அவருடைய மூலத் தாளை உங்களில் யார் பார்த்தீர்கள்? அதோடு அந்த நேரத்துப் பலகையின் படம் ஒன்றும் அனுப்பினேன். அவர்கள் சொல்வது போல யானை அங்கே போயிருந்தால், கிராண்ட்மாஸ்டரின் மந்திரி அதை அடுத்த நகர்த்தலிலேயே வெட்டியிருக்கும். அவர்கள் பதிவிலேயே அவர் வெட்டவில்லை. எங்கோ ஒரு சிப்பாயை நகர்த்தியிருந்தார். எதிரில் கிடக்கும் யானையைப் பார்க்காத கிராண்ட்மாஸ்டரா?

மூன்று வாரம் பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பிறகு மறுபடியும்.

மகள் ஒருநாள் கேட்டாள். "இட்ஸ் ஜஸ்ட் எ டிரா, அம்மா. ஒய் டு யூ கேர்?"

"தோத்திருந்தா தோத்தேன்னு நானே சொல்லியிருப்பேன். தோக்கலடி."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருந்த மெயிலின் ஆங்கிலத்தில் இரண்டு இடங்களைத் திருத்தினாள்.

நாலாவது மாதம் தளத்தில் இரண்டு பதிவுகளும் அடுத்தடுத்து வந்தன. என்னுடையதற்குக் கீழே, 'கறுப்புக் காய்களை ஆடியவரின் கூற்றுப்படி' என்று ஒரு குறிப்பு. அன்றைக்கே எழுதினேன்: சரி, இருக்கட்டும். அப்படியானால் மற்றதற்குக் கீழே, 'யாரென்று தெரியாத ஒருவரின் கூற்றுப்படி' என்று போடுங்கள்.

போட்டார்கள்.