இரவல் கம்பளி

என்னோடு பிறந்த மூத்தவள், என் ராத்தா ஸுலைஹாவைக் கையில் ஊசி இல்லாமல் பார்த்தவர்கள் திகனயில் யாருமில்லை. கலியாண வீட்டில் மற்றப் பெண்கள் அடுத்தவள் நகையை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு மூலையில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருப்பாள். மாட்டு வண்டியில் ஏறினாலும் அதேதான். வண்டி குலுங்கும், எங்களுக்குக் குடல் புரளும், அவள் ஊசியில் கண்ணிகள் மட்டும் ஒன்றைப்போல ஒன்று விழுந்துகொண்டிருக்கும். மையித்து விழுந்த வீட்டில்கூட அவள் மடியில் நூலுருண்டை இருக்கும் என்று கேலி பேசுவார்கள். அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன்.

கண்டி டவுனில் நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில், வீடு வீடாக வந்து பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கும் வெள்ளைக்கார மிஸ்ஸி ஒருத்தி இருந்தாள். வேதப் புத்தகத்தை வெளியே வைத்துவிட்டு ஊசியை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லி எங்கள் உம்மா அவளுக்குக் கதிரை போட்டார். நான் ஒரு கிழமையில் கைவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ராத்தா பிடித்துக்கொண்டாள்.

அவளைக் கட்டிய மஹ்மூத் மச்சானுக்குத் திகனயில் கடை. தோட்டத்துத் துரைமார் சப்பாத்துக்குள் மேஸ் போடுவார்கள். முழங்கால்வரை ஏறும் தடித்த கம்பளி மேஸ். சீமையிலிருந்து வரும்வரை காத்திருக்க மாட்டாமல் கடையில் சொல்லிவிட்டுப் போவார்கள், ராத்தா வீட்டுக்குள்ளிருந்து பின்னிக் கொடுப்பாள். எந்தக் கை பின்னியது என்று எந்தத் துரையும் கேட்டதில்லை.

கலியாணமான அடுத்த வருஷம் அவள் உண்டானாள். உடனே மஞ்சள் நூலில் ஒரு தொப்பியும் உள்ளங்கையளவில் ஒரு சோடி மேஸும் பின்னினாள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதில்லை. பிறக்காத பிள்ளைக்கு எதையும் தயாராக வைக்க மாட்டோம். பிறந்த பிறகும் முதலில் பழஞ்சீலையில்தான் சுற்றுவோம். மிஸ்ஸியின் ஊர்வழக்கம் வேறு, ராத்தா பின்னலோடு சேர்த்து அதையும் படித்துவிட்டாள். அந்தப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அடுத்த தடவை யாருக்கும் தெரியாமல் பின்னினாள். அது பெண்பிள்ளை, நாற்பது நாள் கழியுமுன்பே போய்விட்டது. போகும்போது அதன் தலையில் ராத்தா பின்னிய வெள்ளைத் தொப்பி இருந்தது.

மச்சானின் உம்மா ருக்கியா மாமி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அலுமாரியைத் திறந்து அந்தச் சின்னச் சாமான்களை எல்லாம் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"நீ முந்திக்கிட்டுப் பின்னுறாய். அதுகளும் முந்திக்கிட்டுப் போவுது."

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை என்று நான் வாய் கிழியப் பேசித் திரிந்தேன். ராத்தா பேசவில்லை, நம்பினாள். தன் கைதான் பிள்ளைகளைக் கொன்றது என்று நம்பினாள். ஆனால் பின்னாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. கை சும்மா இருந்தால் அந்தப் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் துரைமாரின் மேஸை மட்டும் பின்னினாள். மாமியும் அதற்குத் தடை சொல்லவில்லை. "வெள்ளக்காரன்ட கால்தானே, பின்னு" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் வருஷம் அவள் மூன்றாவது தடவை உண்டாகியிருந்தாள். அந்த வருஷம் மழை பொய்த்து மகாவலி ஆங்காங்கே குட்டையாகக் கிடந்தது. குட்டைகளில் நுளம்பு, நுளம்போடு மலேரியாக் காய்ச்சல். ராத்தாவின் தெருவில் முதலில் ஒரு வீடு படுத்தது, பிறகு படுக்காத வீட்டைத் தேடவேண்டியிருந்தது. நோன்பு மாதம் வந்தபோது பள்ளிவாசலில் மையித்து சுமக்கும் சந்தூக்கைக் கழுவிக் காயவைக்க நேரமில்லை என்று சொன்னார்கள். உண்டாகியிருக்கும் பெண்ணைக் காய்ச்சல் பிடித்தால் தாயும் தங்காது பிள்ளையும் தங்காது என்று ஊரெல்லாம் பேச்சு. துணைக்கென்று அங்கே போயிருந்த எனக்கே சோறு இறங்கவில்லை.

பிறகு மஹ்மூத் மச்சானும் படுத்தார். படுத்தபடியே, "இவள கண்டிக்கிக் கொண்டு போங்க உம்மா, இன்டக்கே" என்று மாமியிடம் சொன்னார். எட்டு மாதக் கர்ப்பிணி வண்டியேறக்கூடாதுதான். ஆனால் அங்கே இருப்பதற்கு அதைவிடப் பயமாக இருந்தது.

ராத்தாவின் பெட்டியை மாமி தானே அடுக்கினார். அடுக்கினார் என்பதைவிடத் தேடினார் என்பதே சரி. ஒவ்வொரு சீலையையும் உதறி, மடிப்புக்குள் விரலை விட்டு, சின்னதாக ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. "பொறகு ஏதும் நடந்தா நான்தான் பொறுப்பு" என்று பெட்டியைப் பூட்டினார். ராத்தாவின் கையில் மட்டும் ஒரு துரைக்காகப் பாதி பின்னிய சாம்பல் நிற மேஸ் இருந்தது.

வண்டிக்காரர் வீரையா பன்வில தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர். சீலை கட்டிய வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர், பின்னால் கயிற்றில் பெட்டி. பலகொல்லையைத் தாண்டியதும் ராத்தா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஹபீலா, என்ட கண்ணியப் பாத்துக்கிட்டே வா. காய்ச்சல்ல கை நடுங்கினா எனக்குத் தெரியாது. கண்ணி சொல்லும்."

அதன் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. குதிகால் திரும்பி, பாதம் வளர்ந்துகொண்டிருந்தது. கண்ணிகள் ஒழுங்காக விழுந்தன. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன். மாமி நோன்போடு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் ஆள் சத்தமே இல்லை. குண்டசாலைக்குக் கிட்டப் போகும்போது ஒரு கண்ணி தளர்ந்து விழுந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கியதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்தது இறுகியது. அதற்கடுத்தது மறுபடி தளர்ந்தது. ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நான் ஆட்டிய விதத்திலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் பற்கள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

"குளிருது மாமி" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, அத்தனை மாதம் எங்கோ போயிருந்த மழை வந்து கொட்டியது. வீரையா தன் கம்பளியைக் கூரைமேல் எறிந்து கட்டினார். அதுவும் நனைந்து உள்ளே ஒழுகியது. தென்னக்கும்புர பாலத்துக்கு இந்தப் பக்கம், ராத்தா ஒரு தடவை கத்தினாள். மாமி தஸ்பீஹைக் கீழே வைத்தார்.

"வண்டிய நிப்பாட்டு வீரையா. கிட்ட இரிக்கிற ஊட்டுல ஒரு பொம்பிளயக் கூட்டிக்கிட்டு வா, ஓடு!"

அவர் ஓடிப்போய், அதே ஓட்டத்தில் திரும்பி வந்தார்.

"யாரும் எந்திரிக்கிற மாதிரி இல்லீங்கம்மா. எல்லாம் பாயில கெடக்குதுங்க. தண்ணி கேக்குதுங்க."

பிறகு அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி மழையிலேயே நின்றார். நான் ராத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த சூராவையெல்லாம் ஓதினேன். பாதியில் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதினேன். அவ்வளவு பயம் என் வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ராத்தா பெண்போலவே இல்லை, அடுப்புக் கல்போலச் சுட்டாள்.

பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை. மாமியின் கைக்குள் அடங்கும் அளவுதான். அழவில்லை, பூனைக்குட்டிபோல ஒரு சின்னச் சத்தம் மட்டும் வந்தது. நிறம் நீலமாக இருந்தது. மாமி தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்தார்.

"சீலையத் தா!"

நான் பெட்டியைத் திறந்தேன். மாமி அத்தனை கவனமாக உதறிப் பார்த்து அடுக்கிய பெட்டி. அடியிலிருந்து மேல்வரை தண்ணீர். எங்கள் உடுப்பிலும் காய்ந்த இடமில்லை. பிழிந்து கொடுத்ததைச் சுற்றியதும் பிள்ளை இன்னும் நீலமானது.

நனையாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வலியிலும் ராத்தா நெஞ்சுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்த துரையின் மேஸ். மாமி அதைப் பார்த்தார். மாமி பயந்ததை நான் கண்டது அப்போதுதான். கை நீண்டது, நின்றது, மறுபடி நீண்டது.

"ஊசிய உருவாதீங்க" என்று ராத்தா முனகினாள். "கண்ணி கழண்டுடும்... ஹபீலா, நூலக் கோத்து இழு."

பொறுமையில்லாத என் கைகளால் ஒவ்வொரு கண்ணியாக நூலைக் கோத்தேன். ஒன்று நழுவினாலும் கீழ்வரை பிரிந்துபோகும். பிள்ளை அந்தச் சத்தத்தையும் நிறுத்தியிருந்தது. கோத்து இழுத்து, பாதத்து வாயைச் சுருக்கி முடிச்சுப் போட்டேன். மாமி மேல்வாயை விரித்துப் பிள்ளையைக் காலிலிருந்து உள்ளே இறக்கினார். கழுத்துவரை கம்பளி ஏறியது. நீளம் மிச்சம் இருந்தது, அதைத் தலையைச் சுற்றி மடித்தார்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். வண்டிச் சீலையை விலக்கி, மழையைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, சத்தமாகச் சொன்னார்.

"இது துரைட மேஸ்! வெள்ளக்காரனுக்குப் பின்னினது. இந்தப் புள்ளைக்கி யாரும் ஒன்டும் பின்னல்ல. இரவலாப் போட்டிரிக்கி!"

கேட்கவேண்டிய எதற்கோ கேட்கட்டும் என்று இரண்டாந்தரமும் சொன்னார். பிறகு குனிந்து, பாங்கு சொல்லத் தெரிந்த ஆம்பிளை யாரும் இல்லாததால் தானே பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். பாதிப் பாங்கில் பிள்ளை அழுதது. வண்டிக்கு வெளியே வீரையாவும் அழுதார்.

கண்டியில் எங்கள் உம்மா வீட்டில் கொயினா மருந்தின் கசப்பிலும் பயத்திலும் பல நாள் போயின. ராத்தா பிழைத்தாள். மஹ்மூத் மச்சானும் எழுந்து வந்தார். மேஸ் கேட்ட துரையிடம் நூல் மழையில் கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைக்கு மஹ்ரூப் என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் வரை அவன் அந்த மேஸுக்குள்தான் கிடந்தான். அதைக் கழற்ற யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் நான்தான் கழற்றினேன். அது கடுகு எண்ணெயும் மூத்திரமுமாக நாறியது.

மஹ்ரூப் வளர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை. இனிப் பயம் போய்விடும் என்று நான் நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்? ராத்தா பின்னுவதை விடவில்லை. ஆனால் மகன் பெயரில் ஒரு கண்ணிகூடப் போடவில்லை. அடுத்த வீட்டு ஜமால்தீன் நானாவின் மகனுக்கென்று சொல்லித்தான் ஒவ்வொரு சட்டையையும் தொடங்குவாள். முடிந்ததும் அங்கே கொடுத்தனுப்புவாள். அந்தப் பையன் ஒருநாள் போட்டு அழுக்காக்கியபின், அவனுக்கு இறுக்கமாம் என்று சொல்லித் திரும்பி வரும். அதைத்தான் மஹ்ரூப் போடவேண்டும். ஜமால்தீன் நானாவின் பெண்சாதியும் முகத்தைச் சுளிக்காமல் இந்த நாடகத்துக்கு உடந்தை. "ஐஞ்சு வருஷமாச்சு, இன்னும் யாருக்குப் பயப்படுறீங்க?" என்று நான் கேட்டால், "நீ அன்டக்கி கண்ணியப் பாத்தாய்தானே" என்பாள்.

முப்பத்தொன்பதில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கண்டிக்குப் பஸ்ஸில் போனோம். மழைக்குளிர். அவன் மேல் வழக்கம்போல அடுத்த வீட்டுப் பழைய சட்டை. ராத்தா மடியில் நீல நூலில் புதிய சட்டை வளர்ந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த ஒரு பெண், ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டத்தவள்போல இருந்தாள், ஆசையாகக் கேட்டாள்.

"அழகா இருக்குங்க. பையனுக்குங்களா?"

ஊசி நின்றது. ராத்தாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"இல்ல! இல்ல! இவனுக்கில்ல. அடுத்த ஊட்டுப் புள்ளைக்கி" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

மஹ்ரூப் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கி எப்ப உம்மா பின்னுவீங்க?"

"ஒனக்கிப் பின்ன மாட்டன் மகன். ஒருநாளும் பின்ன மாட்டன்."

"ஏன்? நான் என்ன செஞ்சன்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிட வாயைத் திறந்தேன். ராத்தா என் தொடையைப் பிடித்து நுள்ளினாள். பஸ் தென்னக்கும்புர பாலத்தில் ஏறியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ராத்தா மடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்து அவன் முதுகில் படாமல் பிடித்து அளவு பார்த்தாள்.

"கை இன்னும் கொஞ்சம் நீளம் வேணும்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மறுபடி பின்னத் தொடங்கினாள்.