நான் விட்டுவிட்ட முதல் சீலம்

அதிகம் படிக்காதவன் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் வெண்ணந்தூரில் தறி ஓட்டிக்கொண்டே, சேலத்துப் பிக்கு ஒருவரிடம் பௌத்த முறையில் கல்யாணமும் சாவுச் சடங்கும் நடத்தப் பழகினேன். துக்க வீட்டில் நாங்கள் பஞ்சசீலம் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். முதல் சீலம், உயிரைக் கொல்ல மாட்டேன் என்பது.

நான் தனியாக நடத்திய முதல் சடங்கு, வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்த பழனிக்கு. கழுத்தில் சுற்றிய துணியையும் மீறி ரத்தம் கசிந்தது. அவன் தம்பி மாரி, மடியில் அரிவாளோடு என் எதிரே உட்கார்ந்திருந்தான். பயத்தில் முதல் சீலத்தை விட்டு, 'திருட மாட்டேன்' என்று தொடங்கினேன். மீதி நான்கையும் மாரி பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

முடிந்ததும் பழனியின் மனைவி, "ஏனுங்க, முதலாவதை உட்டுட்டீங்களே?" என்றாள்.

மாரி சிரித்தான். "சும்மா இருங்க அண்ணி. தெரிஞ்சுதான் உட்டிருக்காரு. எனக்கு உத்தரவு குடுத்துட்டாருங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அரிவாளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பானா, தெரியாது. சொல்வதற்குத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

பழனியை வெட்டியவன் தலைமறைவாக இருந்ததால், மறுநாள் காலை அவன் அப்பாவைப் பம்புசெட்டில் வைத்து மாரி வெட்டிக் கொன்றான்.