அடுப்படி வரைக்கும் கேட்கிற பேஸ்

புது பேஸ் கிட்டார் வீட்டுக்கு வந்ததும் சுவிசேஷமுத்து செய்த முதல் காரியம், அதோடு வந்த கம்பிகளைக் கழற்றிக் குப்பையில் போட்டதுதான். வடக்கயிறு மாதிரி வரிவரியாகச் சுற்றிய கம்பிகள் அவை. விரல் நகர்ந்தால் கிறீச்சிடும். அந்தச் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது. இரும்புலியூர் சபையில் அவருக்கு முன்னால் வாசித்தவர்கள் எல்லோரும் தட்டைக் கம்பி போட்டவர்கள். அவர்கள் விரலைப் பார்த்துப் பார்த்தே அவர் கற்றுக்கொண்டார். தட்டைக் கம்பி நாடா சுற்றியதுபோல வழவழவென்று இருக்கும். தட்டினால் ‘தொம்’ என்று ஒரு கனத்த சத்தம், அதற்குப் பின்னால் வால் கிடையாது.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் மின்னியல் ஆய்வகத்தில் அவருக்கு வேலை. மீட்டர் முள் ஆடி அடங்காமல் எண்ணை எழுத மாட்டார். கிட்டாரிலும் அதே குணம். புதிதாக மாட்டிய தட்டைக் கம்பியின் நுனியை முதலில் மடக்கிவிட்டுத்தான் வெட்டினார். மடக்காமல் வெட்டினால் உள்சுற்று தளர்ந்து கம்பி செத்துவிடும். கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டு இருந்தன. கழுத்துப் பக்கத்தில் இருப்பது கனத்த ஒலியை எடுக்கும். கம்பியின் அடிமுனையில், பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பது கூரான ஒலியை எடுக்கும். அவர் முதலாவதை முழுக்கத் திறந்து, இரண்டாவதை மூடி, ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் திருகைப் பாதிக்குக் குறைத்தார்.

இத்தனையும் யூனிஸுக்காக. அவர் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஞாயிறு வேலைநாள். மதிய ஷிப்டுக்குக் கிளம்புமுன் குவார்ட்டர்ஸ் அடுப்படியில் யூனிஸும் கூட இருக்கும் மூன்று நர்ஸுகளும் சமைத்துக்கொண்டே சபையின் ஆராதனையை ஃபோனில் நேரலையாகக் கேட்பார்கள். அந்த நால்வருக்கும் அதுதான் கோயில். சபையிலும் ஒரு ஃபோனை முக்காலியில் நிறுத்தித்தான் நேரலை. காமிராவும் அதுவே, மைக்கும் அதுவே. பாடகர் குழு படத்தில் விழும். சுவிசேஷமுத்துவின் பிளக் பாயிண்ட் தூணுக்குப் பின்னால் இருந்ததால் அவர் விழமாட்டார். அவர் அங்கே இருக்கிறார் என்று அவளுக்குச் சொல்லக்கூடியது அவர் வாசிக்கும் சத்தம் ஒன்றுதான். பழைய கிட்டார் கொஞ்ச நாளாகக் கரகரத்து, கடைசியில் ஊமையாகிவிட்டது. அதனால்தான் இந்தப் புதுசு.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் லாசரஸ் எழுந்து வந்து கையைக் குலுக்கினான்.

“அண்ணே, பெஞ்சே அதிருது! உட்கார்ந்தவன் எவனும் தூங்கல.”

அந்தச் சந்தோஷத்தோடு தூணுக்குப் பின்னாலேயே நின்று மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டார்.

“ஏங்க, உடம்பு சரியில்லையா?” என்றாள் யூனிஸ்.

“ஏன், நல்லாத்தான இருக்கேன்?”

“இன்னிக்கு நீங்க வாசிக்கலையே. கிட்டார் இன்னும் ரெடியாகலையா?”

“இயர்போன்ல கேட்டுப் பாரேன்.”

“அதெப்படிங்க? நாலு பேரும் சேர்ந்து கேக்குறோம். நான் மட்டும் காதுல மாட்டிக்கினா மத்த மூணும் என் வாயப் பாத்துகினு நிக்கணுமா?”

வீட்டுக்கு வந்தவர், அன்றைய பதிவைத் தன் ஃபோனில் போட்டு அதைத் துவரம்பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்தார். டிரம்ஸ் கேட்டது, கீபோர்டு கேட்டது, யாரோ இருமியதுகூடக் கேட்டது. அவரைத்தான் காணோம். பெஞ்சை அதிர வைத்த ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரின் வாயில் நுழையவே இல்லை. காதுக்கு ஒரு குணம் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அடிநாதம் வராவிட்டாலும் அதன்மேல் நிற்கும் மெல்லிய ஓசைகள் வந்தால் போதும், மீதியைக் காதே நிரப்பிக்கொள்ளும். தட்டைக் கம்பியில் அந்த மெல்லிய ஓசைகள் மிகக் குறைவு. கோயிலுக்கென்று பார்த்துப் பார்த்துக் கம்பி போட்டவர், அடுப்படியை மறந்துவிட்டார்.

தான் வெறுத்த வரிக்கம்பியில் ஒரு புதுக்கட்டு வரவழைத்தார். கம்பி மாறினால் இழுப்பு மாறும், இழுப்பு மாறினால் கிட்டாரின் கழுத்தும் அசையும். மாட்டி, சுருதி கூட்டி, ஒருநாள் தொடாமல் வைத்து, பிறகு கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க அதன் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தினார். வேலை முடிந்து வரும் மாலைகளில் ஆம்ப்ளிஃபயரைக் கூடத்தில் வைத்து வாசித்துப் பதிவு செய்வதும், பருப்பு டப்பாமேல் வைத்துக் கேட்பதுமாக இருந்தார். பிரிட்ஜ் பக்கத்து பிக்கப்பை மட்டும் திறந்தால் ஈ மொய்க்கிற மாதிரி ஓர் இரைச்சல். இரண்டையும் முழுக்கத் திறந்தால் இரைச்சல் அடங்கியது, ஆனால் நடுவில் இருக்கவேண்டிய ஒலி குழிந்துபோனது. பிரிட்ஜ் முழுக்க, கழுத்து முக்காலுக்கும் கொஞ்சம் மேலே என்று வைத்தபோது டப்பாமேல் இருந்த ஃபோன் அவர் இருப்பதைச் சொன்னது. மூக்கடைத்த குரல்தான், ஆனாலும் அவர்தான்.

அடுத்த ஞாயிறு பாட்டுக்கு முன்னால் ஒத்திகை பார்த்தபோது லாசரஸ் கையை எடுத்துவிட்டான்.

“இன்னாண்ணே இது? போன வாரம் மேளம், இந்த வாரம் தகரமா? முன்பெஞ்சுல கெசியா டீச்சரப் பாரு, காதப் பொத்திக்கினு கீறாங்க.”

“இருக்கட்டும் லாசரஸ். இதான் வேணும்.”

“உனுக்கு வேணும், சரி. சபைக்கு?”

சுவிசேஷமுத்து திருகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “யூனிஸுக்குக் கேக்கலடா. ஃபோன்ல நான் இல்லவே இல்ல.”

லாசரஸ் முக்காலியில் நின்ற ஃபோனைத் திரும்பிப் பார்த்தான். “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சும்மா மனுசன பேஜார் பண்ணிக்கினு.” கீபோர்டில் கீழ்க்கட்டைகளில் இருந்த இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். “நான் கீழ வாசிச்சா உன்னத்தான் மூடும். அந்த எடம் உனுக்கு. ஓடி வெளயாடு.”

அன்று கம்பி கிறீச்சிட்ட ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பல் கூசியது. தனக்குப் பிடிக்காத ஒலியை முழு மனதோடு வாசித்தார். ஆராதனை முடிந்து ஃபோனை எடுக்குமுன் அதுவே அடித்தது.

“ஏங்க, ரெண்டாவது பாட்டுல, மூணாவது சரணத்துக்கு முன்னாடி அவசரப்பட்டீங்க.”

“கேட்டுச்சா?”

“கேக்காமயா சொல்றேன்? எப்பவும் அங்கதான ஓடுவீங்க.”

யூனிஸ் பாடகர் குழுவில் நின்ற காலத்தில் அவர் தாளம் தப்பினால் பாடிக்கொண்டே ஒரு தரம் திரும்பி முறைப்பாள். அவள் போனபின் அவர் எத்தனையோ தரம் அவசரப்பட்டிருக்கிறார், ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

“பழக்கதோஷம்,” என்றாள். “சட்டுனு திரும்பி முறைச்சிட்டேன். பாத்தா ஃப்ரிட்ஜு நிக்குது.”

பின்னால் மூன்று பெண்கள் சிரித்தார்கள். யூனிஸும் சிரித்தாள். அவரும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார்.

“ஏங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“ரசம் பொங்குது. வெக்கிறேன்.”

கோயில் காலியாகிவிட்டது. வியர்வை பட்டால் வரிக்கம்பியின் கூர்மை சில வாரங்களில் மங்கிவிடும், அப்புறம் அவர் மறுபடி காணாமல் போவார். கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு கம்பியாக, அடியிலும் விரலைக் கொடுத்து, அவசரப்படாமல் துடைக்க ஆரம்பித்தார்.