பதினோராம் வளைவில் ராயப்பராஜ்

என் பேத்தி பிறந்து இன்றோடு இருபத்தொரு நாள். திண்டுக்கல்லில் இம்புட்டு அழகாக ஒரு பிள்ளை பிறந்ததே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். "ரெண்டு தாத்தாவும் அதையேதான் சொல்றீங்க" என்று நர்ஸம்மா சிரித்தார்கள். அந்த இன்னொரு தாத்தா என் சம்பந்தி ராயப்பராஜ். பேகம்பூரில் தகரக் கொட்டகை போட்டு ஜீப் வேலை பார்க்கிறவர். என் மகள் நான்சியை அவர் மகன் பிராங்கிளினுக்கு ஏன் கொடுத்தேன் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சரியான காரணம் சிறுமலைப் பாதையில், பதினோராவது வளைவில் இருக்கிறது.

அது 1998ஆம் வருஷம். என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஜீப் இருந்தது. மலைக்கு ஏறும்போது உர மூட்டை, இறங்கும்போது வாழைத்தார். தார் முழுக்கப் பெருமாயி ஆத்தா தோட்டத்தினுடையது. அந்த லோடு இருந்ததால்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஆவணியில் ஜீப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. டவுனுக்குள் நன்றாக ஓடும். மலையில் பாதி ஏறியதும் கார்புரேட்டர் வழியாகப் பட், பட்டென்று தும்மிவிட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் கிளம்பும், அடுத்த வளைவில் மறுபடி நிற்கும். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பிளக்கை மாற்றினார்கள், பாயிண்டை மாற்றினார்கள். ரவுண்டு ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்து, "ஜம்முனு இருக்கு" என்று சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு தடவை தார் மண்டி ஏலத்துக்குப் பிந்திவிட்டது. ஆத்தாவுக்குக் கோபம்.

"ஏப்பா அருள்நாதா, ஒன் ஜீப்பு வளைவுக்கு வளைவு நின்னு சாமி கும்புட்டுல்ல வருது! திங்கக்கெழம ஏழு மணிக்கு இங்க நிக்கணும். இல்லையா, லோடு மலைச்சாமி ஜீப்புக்கு. அம்புட்டுத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ராயப்பராஜைக் கோயில் வாசலிலேயே மடக்கினேன். அப்போது முகப்பழக்கம் மட்டும்தான்.

"அண்ணே, செத்த வந்து வண்டியப் பாருங்கண்ணே."

"ஞாயித்துக்கெழம ஸ்பேனரத் தொட மாட்டேன் அப்பு. வண்டி எங்க நிக்குது?"

"மலையிலண்ணே. ஏறையிலதான் நிக்கும்."

"அப்ப இங்க தொறந்து என்னத்தப் பாக்க? காலையில லோட ஏத்திக்கிட்டு வா. நானும் வாரேன்."

"ஏழு மணிக்கு நான் மேல இருக்கணும்ணே. பாதியில நின்னுபோச்சுன்னா?"

"நிக்கணும்னுதானப்பா வாரேன்."

வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் பத்து மூட்டை உரத்தோடு கிளம்பினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பதினோராவது வளைவில் வண்டி தும்மியதும் கண்ணைத் திறக்காமலே, "சோக்க லேசா இழு" என்றார். இழுத்தேன், பெட்ரோல் கூடி இஞ்சினுக்கு உயிர் வந்தது. விட்டேன், நின்றுவிட்டது.

"கரண்டு சரியா இருக்கு. பெட்ரோல்தான் பத்தல" என்று இறங்கினார்.

சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு என்னைச் செல்ப் அடிக்கச் சொன்னார். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. "பம்பு நல்லாத்தான் குடுக்குது. வாங்குறவன்தான் வாங்க மாட்டேங்குறான்." கார்புரேட்டர் மூடியின் திருகாணிகளைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மணி ஆறு அஞ்சு.

மூடியில் இருந்த, பெட்ரோலை உள்ளே விடுகிற ஊசி வால்வைக் கழற்றி அதன் அடியை விரலால் உருட்டிப் பார்த்தார். வாலிபத்தில் நாகல் நகர் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த விரல் அது.

"வாஷர் ரெண்டு கெடக்கு. ஒண்ணுதான் இருக்கணும். யாரு போட்டது?"

ஆவணி பிறந்த புதிதில் ஜீப் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார், ஒரு வாஷர் கூடப் போட்டால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்கும், செலவு மிச்சம் என்று. நானே போட்டேன். சமதரையில் அந்த மட்டம் போதும். வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்க, முன்னால் பெட்ரோல் உறிஞ்சுகிற ஜெட் வெறும் காற்றைக் குடித்திருக்கிறது.

"நாந்தாண்ணே."

"மூணு மெக்கானிக்குகிட்டயும் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுண்ணே."

"வயித்து வலின்னு டாக்டருகிட்டப் போயி, தின்னத மட்டும் மறைச்சிருக்க!" என்று சிரித்தார். கூடுதல் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஜெட்டை வாயால் ஊதினார், மூடியைப் பூட்டினார். இஞ்சின் ஓடும்போதே பக்கத்துத் திருகை உள்ளே திருப்பினார், திணறியது. வெளியே திருப்பினார், குதித்தது. இரண்டுக்கும் நடுவில், மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, ஒரே சீராகப் பேச ஆரம்பித்த இடத்தில் கையை எடுத்தார்.

"போ. நிறுத்தாம போ."

வளைவுகளை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். பதினெட்டாவதும் தாண்டியது. ஒரு தும்மல் இல்லை. தோட்டத்தில் போய் நின்றபோது ஏழுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

"என்னப்பா, இன்னைக்குச் சாமி கும்புடலையா? அப்படி என்னதான் கோளாறு?" என்றார் பெருமாயி ஆத்தா.

நான் உர மூட்டையை இறக்கத் திரும்பிக்கொண்டேன். அவர் தார் ஏலத்துக்குப் பிந்தியது என் கைவேலையால்தான் என்று தெரிந்தால் லோடு அன்றோடு போச்சு.

ராயப்பராஜ் என்னைப் பார்க்கவே இல்லை. "வாஷர் கோளாறு ஆத்தா. சரி பண்ணியாச்சு. இனி வராது" என்றார்.

"அப்ப ஏத்துங்கப்பா தார!"

ஒன்பது வருஷம் அந்த லோடு எனக்கே வந்தது. அதில்தான் நான்சியை டீச்சர் டிரெய்னிங் படிக்க வைத்தேன். பிராங்கிளினுக்குப் பெண் கேட்டு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் யோசிக்கவே இல்லை. கெட்டிக்கார மெக்கானிக்குகள் டவுனில் நிறைய இருக்கிறார்கள். என் தப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காதவர் அவர் ஒருவர்தான்.

நேற்று வீட்டில் பேத்தி அழுதாள். "இப்பத்தானே பால் குடிச்சா, போதும் தாயி" என்றேன் நான்சியிடம்.

ராயப்பராஜ் பதறிப்போனார். "சம்பந்தி, பச்சப் புள்ளைக்கும் வாஷர் போட்டுறாதீங்க!"

"என்ன வாஷர் மாமா?" என்று நான்சி கேட்டாள்.

அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பத்து வருஷமாகச் சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை. அதனால்தான் நானே எழுதிவிட்டேன்.