முதுகு காட்டி நின்ற ஆட்டக்காரர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல ஆண்டுகள் சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடிய ஒரு மனிதரின் வாழ்க்கையை நான் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, மிச்சம் கிடைத்த அரைப் பக்கத்தில் என் கவிதையைப் போட்டேன். கவிதையின் தலைப்பு 'பணிவு'.

இது நடந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன், மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங் பக்கத்தில். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது அங்கே இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் லூமுட்டிலிருந்தும் பழைய தோட்டத்து ஆட்கள் வந்து கூடுவோம். அந்த வருடம் ஒரு சிறப்பு மலர் போடுவது என்று முடிவானது. நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி நானே பரப்பி வைத்திருந்த வதந்தியை நம்பி, என்னை ஆசிரியராக்கினார்கள்.

தோட்டத்தில் பிறந்து பெயர் எடுத்தவர்கள் பட்டியலில் முதல் ஆள் அந்த ஆட்டக்காரர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஈப்போவில் டயர் கடை வைத்திருந்தார். கடைசி விநாடியில் பந்தைப் போட்டு வென்ற கதைகளை எதிர்பார்த்து, புது நோட்டுப் புத்தகத்தோடு போனேன்.

"எத்தன பந்து போட்டிருப்பீங்க தம்பி?"

"ரொம்ப இல்லண்ணே. மத்தவங்க போடுவாங்க."

"அப்ப நீங்க?"

"நான் மறிச்சி நிப்பேன்."

'மறிச்சி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது எல்லாரும் அண்ணாந்து பந்தைப் பார்ப்பார்கள். "நான் பந்தப் பாக்க மாட்டேண்ணே. ஆளத் தேடுவேன்." பக்கத்தில் இருக்கும் எதிரணிக்காரனுக்கு முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, தாழ்ந்து நின்றுகொள்வாராம். கையால் தள்ளினால் ஃபவுல். முதுகால் தாங்கலாம். அவன் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இவர் அணியில் இன்னொருவர் பந்தை எடுத்துவிடுவார். மறுநாள் பத்திரிகையில் பந்தை எடுத்தவர் படம் வரும்.

பக்கத்துக் கம்பத்தில், சீனர் கிராமத்துத் திடலில்தான் பழகினாராம். அங்கே ஆடிய ஒரே தமிழ்ப் பையன் இவர். யாரும் இவருக்குப் பந்து தர மாட்டார்கள். பந்தே தேவைப்படாத வேலை எது என்று பார்த்திருக்கிறார். நிற்பதுதான் என்று தெரிந்திருக்கிறது. நின்றார். நின்றே மாநில அணிக்குப் போனார். பிறகு கோலாலம்பூரில் சம்பளத்துக்கு, அப்புறம் சில வருடம் வெளிநாடுகளில். மூக்கு ஒருமுறை உடைந்தது. இரண்டு முட்டியிலும் அறுவைச் சிகிச்சை. இதையெல்லாம் லாரிக்கு டயர் மாற்றிய கணக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

நின்றதை எப்படி ஐயா எழுதுவது? அதுவும் புறமுதுகு காட்டுவதை இழுக்கென்று இரண்டாயிரம் வருடமாகச் சொல்லி வருகிற மொழியில்? அரைப் பக்கம் எழுதினேன். மிச்சத்தில் 'பணிவு'.

திருவிழா அன்று மத்தியானம். கோயில் பக்கத்து டேவான் மண்டபத்தில் அன்னதானம். வாசலுக்கு மூன்று படி. இரட்டைக் கதவில் ஒன்றைத்தான் திறந்திருந்தார்கள். மற்றதன் பின்னால் நாற்காலிகளை அடுக்கியிருந்தோம். செயற்குழுவின் ஏற்பாடு. படிக்குக் கீழே செருப்பு மலை.

பேராக் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. திடீரென்று மழையோடு ஒரு காற்று திடலில் இருந்த கூடாரத்தைத் தூக்கிச் சாய்த்தது. இரும்புக் கம்பி விழுந்த சத்தத்தில் யாரோ கத்த, திடலில் நின்ற அத்தனை கூட்டமும் அந்த ஒற்றைக் கதவை நோக்கி ஓடியது.

அந்த நேரத்தில் நான் என் செருப்பைப் பார்த்தேன். முதல் நாள் வாங்கிய தோல் செருப்பு. யாரோ உதைத்து அது கால்வாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. குனிந்தேன். ஓடி வருகிற கூட்டத்துக்கு முன்னால், படியின் வாயிலேயே, குனிந்தேன்.

முதுகில் ஏதோ இடித்தது. குப்புற விழுந்தேன். என் காலில் தடுக்கி, வயதான ஓர் அக்கா படி ஓரமாக விழுந்தார். "ஐயோ, என் காலு!" என்று ஒருமுறை கத்தினார். இரண்டாவது முறை கத்த மூச்சு வரவில்லை. என் கைமேல் ஒரு கால், இடுப்பில் இன்னொரு கால். யார்மேலும் தப்பில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு நாங்கள் கிடப்பது தெரியாது. என் செருப்புக்காக இந்த அம்மாள் சாகப்போகிறார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போது மழை நின்றது போலிருந்தது. பார்த்தால், அந்த அக்காவின் தலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பாதங்கள். ஆட்டக்காரர். கூட்டத்துக்கு முதுகைக் கொடுத்து, எங்களைப் பார்த்தபடி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி தாழ்ந்து நின்றார். முழங்கைகள் விரிந்திருந்தன. இரண்டு உள்ளங்கைகளும் காற்றில் திறந்திருந்தன.

கூட்டம் அந்த முதுகில் வந்து மோதியது. ஒரு சாண் நகர்ந்தார். அதற்குப் பிறகு நகரவில்லை. ஒருமுறைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கம் தள்ளு வரும் முன்பே இடது இடுப்பு அங்கே போய்க் காத்திருந்தது. வலப்பக்கம் வரும் முன்பே வலது. பாலத்துத் தூணில் ஆற்று வெள்ளம் பிரிகிற மாதிரி ஜனம் இரண்டாகப் பிரிந்து படியேறியது. கிடந்த இடத்திலிருந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலி மறந்துபோனது.

"அண்ணே, நீங்க எழும்பாதீங்க. மொதல்ல அக்கா." அதே டயர் கடைக் குரல். "அக்கா, என் சட்டையப் பிடிச்சிக்கிட்டு மெதுவா வாங்க. அவசரமில்ல."

அவசரமில்லையாம்!

அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு அந்த அக்கா எழுந்தார். பொத்தான்கள் தெறித்தன. படியில் தவழ்ந்து உள்ளே போனார். பிறகு நான். அதற்குள் உள்ளே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டு மற்றக் கதவையும் திறந்துவிட்டார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும் என்றுதான் நான் சத்தியம் செய்வேன். பார்த்தவர்கள் ஒரு நிமிடம்கூட இல்லை என்றார்கள்.

கூட்டம் முழுதும் உள்ளே போன பிறகும் அவர் அப்படியே நின்றார்.

"போதும் தம்பி, எல்லாரும் போயிட்டாங்க."

"தெரியும்ணே. முட்டி நிமிர மாட்டேங்குது. கொஞ்சம் பிடிங்க லா."

நானும் இன்னொருவரும் அவரை மெல்ல நிமிர்த்திப் படியில் உட்கார வைத்தோம். இடது முட்டி இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"ஒருத்தரையும் தள்ளலண்ணே," என்று சிரித்தார். "ஃபவுல் இல்ல."

உள்ளே சாம்பார் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அவர் முதுகில் மோதி ஏறியவர்களில் ஒருவருக்கும் தாங்கள் எதில் மோதினோம் என்று தெரியாது. மூலையில் சிறப்பு மலர் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது, 'பணிவு' உட்பட. அவர் கையில் ஒன்றைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த வருட மலரில் அவருக்கு மூன்று முழுப் பக்கம் எழுதினேன். கவிதை கிடையாது. இப்போதெல்லாம் டிவியில் ஆட்டம் ஓடினால், பந்தை விட்டுவிட்டு, வர்ணனைக்காரர் பெயரே சொல்லாத அந்த ஒரு முதுகைத்தான் தேடுகிறேன். எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கும்போது விழுந்து கிடப்பவரைத் தேட ஒரு மனிதன் வாழ்நாள் முழுதும் பயிற்சி எடுத்திருக்கிறான் என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த மலர் வெளியான அன்று, விழுந்த அக்கா ஊன்றுகோலோடு வந்திருந்தார். நான் குப்புறக் கிடந்ததால் என் முகம் அவருக்குத் தெரியாது. மூன்று பக்கத்தையும் படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா அன்னிக்கி வாசப்படியில குனிஞ்சி சிலிப்பர் பொறுக்குனானே ஒரு மடையன், அவனப் பத்தி ஒரு வரிகூட போடலியே லா?"