மருதாணி விரல்கள்

சம்பா நடவு தொடங்கினால் என் கால்விரல்கள் சிவந்துவிடும். நாள் முழுக்கச் சேற்றில் நின்றால் விரலிடுக்கு வெந்து புண்ணாகும். அதற்கு எங்கள் பக்கம் ஆண் பெண் எல்லோரும் மருதாணியை அரைத்து அப்பிக்கொள்வோம். ரப்பர் செருப்போடு கல்லூரிக்குப் போனபோது பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "என்ன மாப்ளே, சடங்காயிட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த பிறகு ஏக்கர் அளவுள்ள குத்தகை நிலம் மூன்று மாவும் என் பொறுப்பானது. விடியலில் மடை திறப்பேன். தண்ணீர் ஏறும்வரை வரப்பில் உட்கார்ந்து வரலாற்றுப் புத்தகம் படிப்பேன். குளித்துவிட்டு எட்டு மணி பஸ். சாயங்காலம் கட்சிப் படிப்பகத்தில், எழுத்துத் தெரியாதவர்களுக்குச் செய்தித்தாளை வாசித்துக்காட்டுவேன். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்ததெல்லாம் மனதில் நின்றது. அதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

நிலக்காரரின் காரியஸ்தர் சைக்கிளில் போகும்போதெல்லாம் வரப்பில் நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே போவார். குத்தகை உரிமை நிலைக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவராவது சேற்றில் இறங்கி உழைக்க வேண்டும் என்பது சட்டம். தகப்பனால் நடக்க முடியாது, மகன் காலேஜில் இருக்கிறான், நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் மனுப் போட்டார். அதிகாரி நிலத்துக்கே வந்து விசாரிப்பதாகத் தகவல் வந்தது. அவர் வரும் நாளில்தான் எனக்குப் பரீட்சை.

"நீ போப்பா. நான் பேசிக்கிறேன்" என்றார் அப்பா.

அதிகாரி சீக்கிரம் வந்தால் போய்விடலாம் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றேன். எட்டு மணி பஸ் போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. வெயில் ஏறிய பிறகுதான் ஜீப் வந்தது.

"பாருங்கய்யா, சட்டையில மடிப்புகூடக் கலையல" என்றார் காரியஸ்தர். "தொரை பொஸ்தகம் படிப்பாரு, கூலியாளு களை பறிக்கும். மம்பட்டிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு கேளுங்க."

"அவன்தாங்க எல்லாம் செய்யிறான்" என்றார் அப்பா, கம்பை ஊன்றி நின்றபடி.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "என்ன படிக்கிற?"

"பி.ஏ. வரலாறுங்க."

"பரீட்சை நேரமாச்சே இது?"

"இன்னிக்குத்தாங்க. பத்து மணிக்கு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "செருப்பக் கழட்டு" என்றார்.

கழற்றினேன். குனிந்து பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். விரித்தேன்.

"மருதாணி யாரு வேணும்னாலும் வச்சுக்கலாங்க" என்றார் காரியஸ்தர்.

"புண்ணையுமா வச்சுக்குவாங்க?"

காரியஸ்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது அதிகாரி அப்பாவிடம், "நெலம் உங்ககிட்டதான் இருக்கும், பயப்படாதீங்க. உத்தரவு வரும்" என்றார். அப்பா கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

ஜீப் போன பிறகு அப்பா கம்பை மறுபடி ஊன்றிக்கொண்டார்.

"பரீட்ச?" என்றார்.

"அடுத்த தடவ எழுதிக்கலாம்."

"விடுவாங்கள்ல?"

"விடுவாங்க."

நிலம் தங்கியதற்கு மகிழ வேண்டும், பரீட்சை போனதற்கு வருந்த வேண்டும் என்று தெரிந்தது. இரண்டில் ஒன்றாவது வரட்டும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. சட்டையைக் கழற்றி ஒதியமரக் கிளையில் மாட்டிவிட்டு வயலில் இறங்கினேன். முதல் அடியில் புண் எரியும். அன்றும் எரிந்திருக்கும். மேலண்டை வரப்போரம் கோரை மண்டிக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் பறித்து முடித்தேன்.