கறுப்பிக்கு ஒரு விண்ணப்பப் படிவம்

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பத்தைந்து வருடம் படிவங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். தெருவிலிருந்து மீட்ட நாய் கறுப்பிக்கு வீடு தேடவும் பதினெட்டுக் கேள்விகளில் ஒரு படிவம் தயாரித்தேன். மதிலின் உயரத்தைக்கூட விடவில்லை. வந்தவர்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பிவிட்டு, கதிரைக்கு அடியில் நடுங்கிய நாயிடம் கை நீட்டி "வா, வா" என்றார்கள். அது சுவரோடு ஒட்டிக்கொண்டது.

நேற்று கம்பளையிலிருந்து வந்த பெண் படிவத்தை ஓரமாக வைத்தார். நாய்க்கு முதுகு காட்டித் தரையில் அமர்ந்து, பையிலிருந்த கச்சான் கடலையை உடைக்கத் தொடங்கினார்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

அம்மா இறந்தபின் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கு, சித்தி வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. இரண்டு நாள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். சித்தப்பா மிட்டாய் காட்டிக் கூப்பிட்டார்.

"நீங்க கூப்பிட்டா நானே வரமாட்டேன், புள்ள வருமா?" என்றார் சித்தி.

பிறகு எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கச்சான் உடைத்தார். ஒன்று தன் வாய்க்கு, ஒன்று பின்னால் தரைக்கு. திரும்பியே பார்க்கவில்லை. வறுத்த மணத்துக்கு வெளியே வந்த நான் அந்த முதுகில் சாய்ந்து தூங்கிப்போனேன். அந்த வீட்டிலேயே வளர்ந்தேன்.

கறுப்பி மெல்ல வந்து, அந்தப் பெண்ணின் பின்னால் கிடந்த பருப்பை எடுத்தது.

"ஐயா, ஃபோர்ம் இன்னும் நிரப்பலங்க," என்றார் அவர், திரும்பாமலே.

"அசையாதீங்கம்மா. நானே நிரப்புறேன்."

விண்ணப்பதாரருக்காக நான் நிரப்பிய முதல் படிவம் அது.